அசல் சகோதரர் சவுண்ட் சர்வீஸ்

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். விடுமுறையில் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று தமிழம்மா சொன்னதால் இதைத் தொடங்கவில்லை, எனக்கே தோன்றியது.

மூன்றாவது வாக்கியத்திலேயே பொய் வந்துவிட்டது. தமிழம்மா சொன்னதால்தான் தொடங்கினேன். இனிமேல் கவனமாக இருப்பேன்.

பெயர் செல்வநாயகி. ஒன்பதாம் வகுப்பு. கிளை நூலகத்தில் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய புத்தகங்கள் இருக்கும் தட்டை முழுக்கப் படித்து முடித்துவிட்டேன். ஆகவே எனக்கும் ஏதாவது கண்டுபிடிக்கும் தகுதி வந்துவிட்டதாக நினைக்கிறேன். எதைக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

என் அப்பா அடைக்கலம் மைக்செட் கடை வைத்திருக்கிறார். வீட்டு முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். கடையின் பெயர் 'அசல் சகோதரர் சவுண்ட் சர்வீஸ்'. தெருவுக்கு எதிர்ப்புறம் 'சகோதரர் சவுண்ட் சர்வீஸ்'. அது பெரியப்பாவுடையது. ஒவ்வொரு கடையிலும் ஒரு சகோதரர்தான் இருக்கிறார். இருவரும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பேசிக்கொள்வதில்லை. பெரியப்பாவின் பெயர் சின்னையா. இதற்கு நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி முதல் தேதி என் அக்கா பூமயிலுக்குக் கல்யாணம். இன்று பத்திரிகைக்கு விஷயம் எழுத உட்கார்ந்தோம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்து அழகு என்பதால். பெரியப்பா பெயர் வரவில்லை. அக்கா தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்து அப்பாவிடமே கொடுத்தாள்.

"பெரியப்பா பேரு இல்லாத பத்திரிகை எனக்கு வேணாம்ப்பா. அவுக வந்து நிக்காம நான் மணவறையில உக்காரவும் மாட்டேன்."

அப்பா கடைக்குப் போய் யாருடைய டேப் ரிக்கார்டரையோ கழற்ற ஆரம்பித்தார். அச்சகத்தில் 29ஆம் தேதிக்குள் விஷயம் கொடுத்தாக வேண்டும்.

இரவு கருவாட்டுக் குழம்பு. அப்பா, "ஒங்கம்மா கைப்பக்குவமே தனி" என்று மூன்றாவது முறையும் சோறு போட்டுக்கொண்டார். குழம்பு பெரியம்மா வைத்தது. கொல்லைப் பக்கமாக வந்தது. அம்மாவும் பெரியம்மாவும் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் செய்தியை ஆண்களுக்கு யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

கணக்குப் பாடம் படித்தேன். (புத்தகத்தைத் திறந்தேன்.)

டிசம்பர் 23, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், பரணை ஒழித்துக் கொடு என்று அக்கா சொன்னாள். இடப்பக்க மூலையில், உடைந்த கூம்பு ஸ்பீக்கருக்குப் பின்னால் நன்றாகப் பார் என்றும் சொன்னாள். அங்கே பார்க்க வேண்டும் என்று என் உள்ளுணர்வும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அங்கே ஒரு தட்டையான அட்டைப்பெட்டி. பரணில் மற்ற எல்லாவற்றின் மீதும் விரற்கடைத் தூசி. அந்தப் பெட்டி மட்டும் சுத்தமாக இருந்தது. பச்சைத் துணியில் சுற்றியிருந்தது. அக்காவின் பழைய தாவணியும் அதே பச்சைதான். தற்செயலாக இருக்கும். உள்ளே தட்டு அளவில் ஒரு ஸ்பூல் நாடா, அந்தக் காலத்து ஒலிப்பதிவுச் சுருள். பெட்டியின் மேல் அப்பாவின் கையெழுத்தில், 'மாங்குளம் சோமு – ஆலங்குளம் சாரதாம்பாள். ஒரே மேடை.'

நான் துள்ளினேன். ஏணியில் நின்றதால் ஏணியும் துள்ளியது. கீழே அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, நாள்பூரா எதிர்பார்த்தவள் மாதிரி, "என்னடி கெடச்சுச்சு?" என்றாள். அவளுக்கு எப்படி இவ்வளவு ஆர்வம் என்று வியந்தேன்.

டிசம்பர் 24, புதன்

நேற்று மகிழ்ச்சியில் விளக்க மறந்துவிட்டேன். பிற்காலத்தில் இதைப் படிப்பவர்களுக்காக விளக்குகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா நாடகங்களில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்னும் நாயகனை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் என்னும் நாயகியை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். இருவரும் மேடையில்தான் சந்திப்பார்கள். பிறகு விடியும்வரை பாட்டும் தர்க்கமும். எதிராளி என்ன கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. பதில் வராவிட்டால் தோல்வி, ஊரே விசிலடிக்கும்.

ராஜபார்ட்டில் மாங்குளம் சோமு. ஸ்திரீபார்ட்டில் ஆலங்குளம் சாரதாம்பாள். இருவருக்கும் ஊர் ஊராக ரசிகர்கள். அவர்கள் ஒன்றாக நடித்ததே இல்லை, நடித்தால் மேடை தாங்காது என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு முறை நடித்திருக்கிறார்கள். இங்கிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு மாரியம்மன் பொங்கலில். இருவருமே இப்போது உயிரோடு இல்லை. ஆகவே நான் கண்டெடுத்தது உலகில் ஒரே ஒரு நாடா.

இதில் ஒரு சிறிய சிக்கல். அன்றைக்கு மைக்செட் போட்டது அப்பாவும் பெரியப்பாவும். அப்போது ஒரே கடை. பெரியப்பா சோமு ரசிகர், அப்பா சாரதாம்பாள் ரசிகர். தர்க்கம் உச்சத்தில் இருந்தபோது சாரதாம்பாளின் குரல் திடீரென்று இறங்கிவிட்டதாம். சோமு ஜெயிப்பதற்காகப் பெரியப்பா மைக்கின் ஒலித் திருகைக் குறைத்துவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. நான் தொடவே இல்லை என்பது பெரியப்பாவின் கட்சி. மறுவாரம் கடையைப் பாகம் பிரித்தார்கள். அளந்து அளந்து, சமமாக. இதில்தான் அவர்கள் அறிவு வெளிப்படுகிறது: ஸ்பூல் நாடாக்கள் எல்லாம் அப்பாவுக்கு, அவற்றைப் போடும் ஒரே மெஷின் பெரியப்பாவுக்கு.

நாடாவைப் போட்டுக் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அந்த மெஷினை அவுகள்ல வச்சிருக்காக. அவுக வாசல்ல போயி நிக்கச் சொல்றியா?"

புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கேட்டிருக்கலாமே, அங்கே மெஷின் இருக்காதா என்றேன். அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாகப் பற்றவைக்கும் வேலை வந்துவிட்டது. ஈயம் புகைந்ததில் அவர் முகம் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொன்னார். பெரியப்பா திருகைத் தொடவில்லை என்று நாடா சொல்லட்டும், பத்திரிகையில் முதல் பெயராகவே போடுகிறேன் என்று. இதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். தேதியும் போட்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

பாராட்டு விழாவில் பேச வேண்டிய ஏற்புரையைக் கண்ணாடி முன் பயிற்சி செய்தேன். அம்மா வந்து, அரிசி களையச் சொன்னேனே என்றாள்.

டிசம்பர் 26, வெள்ளி

பெரியப்பா கடைக்குப் போனேன். இதுவரை போகாத இடம் மாதிரி எழுத ஆசை. உண்மையில் வாரம் நான்கு நாள் போவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பார்த்தால் பெரியம்மா முறுக்கு டப்பாவைத் திறப்பார். அக்கா என்னைவிட அதிகம் போயிருக்கிறாள். சின்ன வயதில் அக்காவை ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்காரவைத்துத்தான் பெரியப்பா ஊர் ஊராக நாடகத்துக்கு மைக் போட்டாராம்.

மெஷின் அங்கே மூலையில் இருந்தது. மேலே பூத்துணி போட்டு, சாமி படம் மாதிரி. நாடாவைப் பற்றிச் சொன்னேன். பெரியப்பா கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒங்கப்பன் குடுத்தனுப்புனானா ஆத்தா?"

இல்லை என்றேன். உண்மை மட்டுமே பேசும் விரதம் எவ்வளவு தொல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்னைக் களவாணின்னு சொன்ன வாயி அது. தொழில்ல திருகைத் திருப்புறதும் களவுதான். கேக்கணுமின்னா அவன் இங்க வந்து கேக்கட்டும். மெஷினு கடைய விட்டு எறங்காது."

திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். நாடா வேண்டுமானால் போகட்டும், நான் அந்தப் படியேறமாட்டேன், இல்லையென்றால் அவுக மெஷினோடு வந்து என் கடையில் உட்கார்ந்து கேட்கட்டும் என்றார். மறுபடி தெருவைக் கடந்து சொன்னேன். மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். பெரிய கண்டுபிடிப்பாளர்கள் கடல்களைக் கடந்தார்கள். நான் எங்கள் தெருவை ஆறு தடவை கடந்தேன், ஒரு மாடு முட்டப் பார்த்தது. தேறியது இரண்டு முறுக்கு.

டிசம்பர் 27, சனி

காலையில் அக்காவும் நானும் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தோம். ஆட்கள்தான் தெருவைத் தாண்டமாட்டார்கள், வயர் தாண்டுமே என்று அக்கா ஏதோ முணுமுணுத்தாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று அந்த யோசனை உதித்தது. மெஷின் பெரியப்பா கடையிலேயே ஓடட்டும். அங்கிருந்து தெருவுக்குக் குறுக்கே வயர் இழுத்து, அப்பா கடை ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அவரவர் கடையில் அவரவர் உட்கார்ந்தபடியே கேட்கலாம். அக்காவிடம் சொன்னேன். "எப்படிடி இதெல்லாம் ஒனக்குத் தோணுது?" என்றாள். அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

இரண்டு கடையிலும் சம்மதித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார்கள் என்று நினைக்கவில்லை. பெரியப்பா அவர் பக்கத்து மின்கம்பம்வரை வயரை இழுத்துக் கட்டினார். அப்பா இந்தப் பக்கத்திலிருந்து இழுத்து, அந்த முனையோடு முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டினார். முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் ஒரே மாதிரி பல்லால் கடித்துத்தான் வயரை உரிக்கிறார்கள்.

சாயங்காலம் அக்கா கொல்லைப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு உண்மை வெளிவரப்போகிறதே, மகிழ்ச்சிதானே என்றேன்.

"பெரியப்பா திருகைக் கொறைச்சிருந்தா என்னடி செய்யிறது?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஏற்புரையில்கூட இதற்கு இடம் வைக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

எழுதுவதற்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

மாலை நான்கு மணி. அக்கா நாடாவோடு பெரியப்பா கடையில். நான் இங்கே அப்பாவோடு. ஆம்ப்ளிஃபயரில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று கடைக்குள் இருக்கும் பாக்ஸ் ஸ்பீக்கருக்கு. இன்னொன்று மார்கழி பக்திப்பாடலுக்காகப் பிள்ளையார் கோயில் கோபுரத்தில் கட்டியிருக்கும் கூம்புகளுக்கு. இடது சுவிட்சைப் போடு என்று அப்பா சொன்னார். நான் அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் இடதா என் இடதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்டுபிடிப்பாளர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

முதலில் இரைச்சல். பிறகு ஆர்மோனியம். அது கோயில் பக்கமிருந்து வருகிறது என்று எனக்குப் புரிவதற்குள் அப்பா உறைந்துவிட்டார். சுவிட்சை மாற்றக் கைநீட்டினேன். "தொடாத" என்றார்.

காதலியைத் தேடி வரும் கிழவர் வேடத்தில் முருகன். தினைப்புனம் காக்கும் வள்ளி. கிழவர் தாகம் என்கிறார். வள்ளி கிணற்றைக் காட்டுகிறாள். தண்ணீர் கேட்டவனுக்குக் கிணற்றைக் காட்டுகிறாயே பெண்ணே என்று சோமு இழுத்துப் பாடுகிறார். சாரதாம்பாள் ஒரு நொடி விட்டு, "காட்டியது குடிப்பதற்கல்ல கிழவரே, குனிந்து முகம் பார்த்துக்கொள்வதற்கு" என்கிறார். நாடாவில் கூட்டம் சிரிக்கிறது. கடைவீதியும் சிரித்தது. அதற்குள் தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

இவ்வளவு அழகான இரண்டு குரல்களை நான் கேட்டதில்லை. இதை வர்ணிக்க நேற்றே சில வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. விட்டுவிடுகிறேன்.

சோமு பதிலுக்கு மேலே எடுத்தார். மேலே, இன்னும் மேலே. அங்கே அவர் குரல் கிழிந்தது. நாடாவில் விசில் பறந்தது. அந்த விசிலுக்கு அடியில், ஆர்மோனியத்துக்குப் பக்கத்து மைக்கில், ஒரு பெண் குரல். பாட்டு இல்லை, அடங்கிய பேச்சு.

"ஆர்மோனியத்து அண்ணே, அரைக்கட்டை எறக்குங்க. அவுகளுக்குத் தொண்டை கட்டிருக்கு. நா இழுத்துக்கிறேன்."

சுருதி இறங்கியது. சாரதாம்பாள் அந்தத் தாழ்ந்த சுருதியில் அடுத்த அடியை எடுத்தார். குரல் சிறுத்துப் போயிற்று. அவ்வளவு தாழ்வில் அவர் பாடிப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஆனால் சோமுவுக்கு அது எட்டியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்.

திருகை யாரும் தொடவில்லை. சாரதாம்பாளுக்கும் ஆர்மோனியத்துக்கும் ஒரே மைக். திருகைக் குறைத்திருந்தால் ஆர்மோனியமும் அல்லவா சேர்ந்து கீழே போகும்? இது எனக்கே புரிந்தது. அப்பாவுக்கு எனக்கு முன்பே புரிந்திருக்கும். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் நாடாவில் வேறு இரண்டு குரல்கள். மைக்செட் மேசை மேலிருந்த அறிவிப்பு மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"ஏண்ணே அவுக மைக்கைக் கொறைச்சே?"

"நா தொடவே இல்லடா."

"தொடாம எப்படி எறங்கும்? நீ சோமுவுக்காக..."

இதற்குப் பிறகு பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார். அப்பா இரண்டு சொன்னார். மூன்றும் பிள்ளையார் கோயில் கோபுரத்திலிருந்து கடைவீதி முழுக்கக் கேட்டன. அவற்றை இங்கே எழுதமாட்டேன். உண்மையை எழுதுவேன் என்றுதான் சொன்னேன். எல்லா உண்மையையும் என்று சொல்லவில்லை.

நாடாவில் பாட்டு நின்றது. சோமு பேசினார், குரல் கம்மியபடி.

"மைக்செட்டுத் தம்பிகளா, இங்க ஏற்கெனவே ஒரு சண்டை நடக்குது. இது முடியட்டும், அப்புறம் மேடைய ஒங்களுக்கு விட்டுர்றோம்."

அந்த ஊரே சிரித்தது. இந்தத் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு சாரதாம்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவுக அண்ணன் தம்பி, விடிஞ்சாச் சேந்துக்குவாக. நீர் ஒம்ம அண்ணனைக் கூப்பிடும் கிழவரே. அவர் வந்தாத்தான் ஒமக்குக் கல்யாணம்."

கதைப்படி அப்படித்தான். முருகன் கூப்பிட, அண்ணன் பிள்ளையார் யானையாக வந்த பிறகுதான் கல்யாணம் கூடிவரும். சோமு அந்தத் தாழ்ந்த சுருதியிலேயே, "அண்ணா..." என்று எடுத்தார். ஒரே சொல். நாடா முடிந்து சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

எதிர்க்கடையில் பெரியப்பா மெஷினை நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நிறையத் தூசி போலிருக்கிறது, நெடுநேரம் துடைத்தார். அக்கா அவர் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள், இவ்வளவு வயதில். தெருவில் அத்தனை பேரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அப்பா மைக்கை எடுத்தார். மைக்செட்காரர்களுக்குப் பேச வேண்டுமென்றால் கை தானாக அங்கேதான் போகும். இரண்டு முறை தட்டினார். ஊதினார். சோதித்துவிட்டோமே, இனிப் பேசித்தானே ஆகவேண்டும் என்பது போல நின்றார்.

"அண்ணே."

கோயில் கோபுரத்திலிருந்து கேட்டது.

"மாத்திப் போடுண்ணே."

பெரியப்பா எழுந்தார். சக்கரங்களைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். நாடா இரண்டு தடவை நழுவியது. அக்கா உதவப் போனாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். மெஷின் ஓடியது.

மறுபக்கம் காலி. வெறும் இரைச்சல். அன்று ராத்திரி நாடாவை மாற்றிப் போட யாரும் இல்லை. இருவரும் சண்டையில் இருந்தார்கள். தர்க்கத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. என் கண்டுபிடிப்பில் பாதி இல்லை.

ஒன்றுமே இல்லாத அந்த நாடாவை இருவரும் அவரவர் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பூசாரி வந்து மாலைப் பூசைக்குப் பாட்டுப் போட வேண்டும் என்றார். அப்பா அவரை உட்காரச் சொன்னார்.

டிசம்பர் 29, திங்கள்

பத்திரிகை விஷயத்தை மறுபடி எழுதினேன். முதல் பெயர், சின்னையா. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். படியேறவில்லை, கீழேயே நின்றார். பெரியப்பாவும் இறங்கவில்லை. இருவரும் மேலே போகும் வயரைப் பார்த்தார்கள். வயர் சேர்த்த இடத்தில் டேப் சரியாக ஒட்டவில்லை, இதுதான் நீ வேலை பார்க்கிற லட்சணமா என்று பெரியப்பா கேட்டார். அப்பா பதிலுக்கு ஏதோ சொன்னார். நன்றாகவே சண்டை போட்டார்கள். நடுவில் எப்போதோ அப்பா படியேறிவிட்டிருந்தார்.

என்னை யாரும் பாராட்டவில்லை. கோயில் கூம்பில் கெட்ட வார்த்தை ஒலிபரப்பியதற்காகப் பூசாரி மட்டும் என்னைத் தேடினார்.

பரணில் அந்தப் பெட்டியை மட்டும் தூசி அண்டாததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். யாராவது அடிக்கடி எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்றாள். இருக்கலாம். எலியாகவும் இருக்கலாம். இதை ஆராய வேண்டும்.

மத்தியானம் பெரியம்மா முன்வாசல் வழியாகவே குழம்பு கொண்டுவந்தார். அப்பா ஒரு வாய் சாப்பிட்டதும் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசம் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 14

எழுதவில்லை. வெள்ளையடிப்பு. என் முடியிலும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மணவறையில் அக்காவுக்குப் பின்னால் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றார்கள். மைக்கில் பெரியப்பா வரவேற்றுப் பேசினார். சவுண்டு பத்தவில்லை என்று அப்பா திருகைக் கூட்டினார். எதுக்குடா கூட்டினே என்று பெரியப்பா மைக்கிலேயே கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

நானும் இரண்டு நிமிடம் பேசினேன். ஏற்புரையை வாழ்த்துரையாக மாற்றியிருந்தேன். இரண்டு இடத்தில் 'இந்த விருதை' என்று வந்துவிட்டது.

சாயங்காலம் அக்கா கிளம்பினாள். காரில் ஏறுமுன் என் தலையைக் கோதி, "பச்சைத் தாவணிய நீயே வச்சுக்கடி" என்றாள். ஏன் அதை இப்போது சொன்னாள் என்று தெரியவில்லை. எனக்குப் பச்சை பிடிக்காது. ஆனாலும் இப்போது மடியில்தான் வைத்திருக்கிறேன்.

தெருவுக்குக் குறுக்கே போன அந்த வயரை யாரும் கழற்றவில்லை. கல்யாணத்துக்காக அதே வயரில் இரண்டு கடைகளுக்கும் சீரியல் விளக்குகள் கட்டியிருந்தார்கள். கார் திரும்பிப் போகும்வரை அப்பாவும் பெரியப்பாவும் வாசலில் நின்றார்கள். பிறகு யாரோ உள்ளே போய் அணைத்தார்கள். அப்பாவா பெரியப்பாவா, நான் பார்க்கவில்லை. ஒரே சுவிட்சுதான். இரண்டு பக்க விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.